காரில் சின்னக் கீறல்: விட்டுவிடுவதா, வீட்டிலேயே சரிசெய்வதா, பட்டறையா, இன்ஷூரன்ஸா?

பார்க்கிங்கில் பைக் ஹேண்டில்பார் உரசிய கோடு, எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போனதில் பானட்டில் ஜல்லி தெறித்த பொட்டு, தூணில் இடித்துத் தேய்ந்த பம்பர். மூன்றுக்கும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: நானே பார்த்துக்கொள்ளலாமா, பட்டறையில் விடணுமா, இன்ஷூரன்ஸ் இருக்கே அதைப் போட்டுவிடலாமா? தேடிப் பார்த்தால் ஒருவர் டூத்பேஸ்ட் போதும் என்கிறார், இன்னொருவர் கதவு, பானட் மாதிரி அந்த முழுப் பேனலையும் பெயிண்ட் அடிக்காமல் தீராது என்கிறார். இரண்டு பேருமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் பேசுவது வேறு வேறு கீறலைப் பற்றி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகடு தெரியும் சின்னப் பொட்டுக்கு வீட்டிலேயே டச்-அப் (பொட்டில் மட்டும் பெயிண்ட் வைத்து மூடுவது), அதுவும் தள்ளிப்போடாமல். நகத்தில் தட்டாத மேலோட்டமான கீறலுக்குக் காம்பவுண்ட், அதாவது தேய்த்து மெருகேற்றும் பசை. பிளாஸ்டிக் பம்பரில் விழுந்ததைத் தைரியமாக அப்படியே விடலாம். ஒற்றைக் கீறலுக்காக இன்ஷூரன்ஸ் பக்கம் போகவே வேண்டாம். இது எங்கெல்லாம் மாறும் என்பதுதான் மிச்சக் கட்டுரை.

## முதலில் பார்க்க வேண்டியவை

ஆழம். கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூட. தகட்டை ஒட்டித் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கீறல் கிளியர் கோட்டோடு நின்றதா, நிறத்தைத் தாண்டியதா, தகடு வரை போய்விட்டதா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டில் மட்டும்தான். காய்ந்தபின் விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள், தட்டினால் ஆழம் அதிகம். உள்ளே சாம்பல் தெரிந்தால் அது பிரைமர், பளபளப்பு தெரிந்தால் தகடு, பழுப்பு தெரிந்தால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று. தூணில் உரசிய இடத்தில் மஞ்சளாக, வெள்ளையாக ஒட்டியிருப்பது பல நேரம் உங்கள் கார் பெயிண்ட் போனது இல்லை, தூணின் பெயிண்ட் உங்கள் கார்மேல் வந்து உட்கார்ந்திருப்பது. அதைக் காம்பவுண்ட் வைத்து எடுத்துவிட்டுப் பார்த்தால் கீழே இருப்பது மெல்லிசான நாலு கோடாக இருக்கும். எடுக்கும் முன்பே பட்டறைக்காரரிடம் காட்டினால் அவர் அதைப் பெரிய வேலையாகத்தான் பார்ப்பார், அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

இரும்பா, பிளாஸ்டிக்கா. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். முன், பின் பம்பர், சைடு மிரர் மூடி எல்லாம் பெரும்பாலான கார்களில் பிளாஸ்டிக். கதவு, ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு), கூரை பொதுவாக இரும்பு. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, அங்கே எந்தக் கீறலும் அழகுப் பிரச்சினை மட்டும்தான். இரும்பில் ஒரு கடுகளவு பொட்டுகூட நாளாக நாளாகப் பெயிண்டுக்கு அடியில் பரவும். ஈசிஆர் ஓரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊராக இருந்தால் ரொம்ப நாள் காத்திருக்கவும் வேண்டாம். கோயம்புத்தூரில் நிற்கும் காருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

நிறம். சாலிட், அதாவது மினுமினுப்பு இல்லாத, வெள்ளையும் சிவப்பும் சுலபம். மெட்டாலிக் சில்வரும் கிரேயும்தான் ஆளைக் கொல்லும், ஏனென்றால் உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் படுக்கும் விதம் பிரஷ்ஷில் ஒரு மாதிரி, ஸ்ப்ரேயில் ஒரு மாதிரி. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெயிண்டே இரண்டு நிறமாகத் தெரியும். பேர்ல் வெள்ளையில் நிறத்துக்கு மேல் மினுமினுப்பு அடுக்கு தனியாக இருப்பதால் இன்னும் சிரமம்.

இடம். பானட் நடுவில் இருப்பது தினமும் கண்ணில் படும். கதவின் அடிப்பகுதியில் இருப்பதைக் கார் கழுவுபவர் மட்டும்தான் பார்ப்பார்.

மொத்தச் செலவு. பில்லில் வரும் தொகை மட்டும் இல்லை. அடுத்த வருஷப் பிரீமியம், கார் நிற்கும் நாட்கள், விற்கும்போது கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் இதில் சேரும்.

## வழி 1: சும்மா விட்டுவிடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, ஆனால் பாதிக் கீறல்களுக்கு இதுதான் சரி. பிளாஸ்டிக் பம்பரின் கீழ் ஓரம், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி, நெரிசலில் தினமும் ஓட்டும் காரின் நாலு மூலை: இங்கெல்லாம் இன்று 3,000 ரூபாய் செலவு செய்தால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் புதிதாக ஒன்று விழும். ஊருக்குள் ஓடும் காரின் பம்பர் அடி வாங்குவதற்காகத்தான் இருக்கிறது.

செலவு பூஜ்யம். ஆனால் இரும்பில் இதையே செய்தால் மறைவான செலவு பெரிது. சக்கர வளைவின் மடிப்பு, கதவின் கீழ் விளிம்பு, கூரையில் தண்ணீர் வழியும் பள்ளம், இந்த மூன்று இடத்தில் தகடு தெரிந்தால் மழைக்காலம் தொடங்கும் முன் ஏதாவது செய்தே ஆகணும். துரு உள்ளே ஏறியபின் வெட்டி வெல்டிங் வைக்கும் வேலையாகிவிடும், அதற்கு எந்த டச்-அப் பாட்டிலும் உதவாது.

## வழி 2: காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது

காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை, சுற்றி இருக்கும் கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை குறைக்கிறது. கிளியர் கோட்டே ஏறக்குறைய 40 மைக்ரான்தான் என்பதால் ஒரு காரின் வாழ்நாளில் இதைச் சில தடவைதான் செய்ய முடியும். வருஷாவருஷம் சர்வீஸில் தள்ளிவிடும் ரப்பிங் பாலிஷ் பேக்கேஜை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன், அங்கே உங்கள் பணத்தோடு உங்கள் பெயிண்டும் போகிறது.

கையால், மைக்ரோஃபைபர் துணியில், அந்தக் கீறல் இருக்கும் உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் தேய்ப்பதாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 3எம், அப்ரோ, டர்டில் வாக்ஸ் எதுவாக இருந்தாலும் சரி, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், ஒரு டப்பா பல வருஷம் வரும். கார் கழுவியிருக்கணும், நிழலில் நிற்கணும், தொட்டால் சூடு இருக்கக் கூடாது. ஒரு துளி மண் துணியில் மாட்டினால் நீங்கள் தேய்ப்பதெல்லாம் புதுக் கீறல். துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், இல்லையென்றால் உங்கள் கார் கிளியர் கோட்டே தனியாக இல்லாத பழைய சாலிட் பெயிண்ட்.

வாடகைக்கு ரோட்டரி பாலிஷ் மெஷின் எடுத்து முதல் தடவையே பானட்டில் வைப்பது வேண்டாத வேலை. விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும், சில நொடியில் பிரைமர் தெரிந்துவிடும்.

டூத்பேஸ்ட்? அதுவும் ஒரு மென்மையான காம்பவுண்ட்தான், ரொம்ப லேசான தடத்துக்கு வேலை செய்யும், அதற்கு மேல் இல்லை. டபிள்யூடி-40 அடித்தால் கீறல் மறைவது போலத் தெரிவது எண்ணெய் உள்ளே நிற்பதால், இரண்டு முறை கழுவினால் திரும்பி வந்துவிடும்.

கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் விழும் நகக் கீறல், காய்ந்த துணியால் தூசியைத் துடைத்து வந்த வட்டத் தடம், தூணின் பெயிண்ட் ஒட்டியது, இந்த மூன்றுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. நகம் தட்டும் கீறலில் இறங்கினால் கீறலும் போகாது, கிளியர் கோட்டும் மெலியும்.

## வழி 3: டச்-அப் பேனா, பாட்டில்

அதிகம் திட்டு வாங்குவது இதுதான், ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் படத்தை நம்பி வாங்குகிறார்கள். கீறலே தெரியாமல் போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம். தகட்டுக்குக் காற்றும் தண்ணீரும் போகாமல் மூடுவதுதான் இதன் முதல் வேலை, ஆறடி தள்ளி நின்றால் தெரியாமல் இருப்பது உபரி லாபம். அந்தக் கணக்கில் பார்த்தால் இதற்கு இணையாக மலிவான வேலை எதுவும் இல்லை.

நிறத்தைப் பெயர் சொல்லி வாங்காதீர்கள், நிறத்தின் குறியீட்டு எண்ணைப் (கலர் கோட்) பார்த்து வாங்குங்கள். பானட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். மாருதியின் சுப்பீரியர் ஒயிட் 26யூ, டொயோட்டாவின் சூப்பர் ஒயிட் 040, இப்படி. "மாருதி வெள்ளை கொடுங்க" என்று கேட்டால் சாலிட் வெள்ளைக்குப் பதில் பேர்ல் ஆர்க்டிக் வெள்ளை கையில் வந்து சேரும், பூசியபின்தான் வித்தியாசம் தெரியும். கம்பெனி ஆக்சசரி கவுன்டரில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். இல்லையென்றால் குறியீட்டைச் சொன்னால் கலந்து தரும் பெயிண்ட் கடைகள் எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் விசாரித்துப் பிடித்துவிடலாம். கார் ஐந்தாறு வருஷம் வெயிலில் நின்றதாக இருந்தால் குறியீடு சரியாக இருந்தும் நிறம் ஒரு சாயல் தள்ளித்தான் நிற்கும், அப்போது பெட்ரோல் மூடியைக் காட்டிக் கலக்கச் சொல்வது நல்லது.

வேலை என்று பார்த்தால் பூசுவது பத்து நிமிஷம், காத்திருப்பது ஒரு வாரம். துரு தொடங்கியிருந்தால் கத்தி முனையால் பளபளப்பு தெரியும் வரை சுரண்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து மெழுகு, எண்ணெய் எல்லாம் போகட்டும். தின்னர் வேண்டாம், அது சுற்றியுள்ள பெயிண்டைக் கெடுக்கலாம், குறிப்பாக ஏற்கெனவே வெளியில் பெயிண்ட் அடித்த பேனலில். தகடு தெரிந்தால் ஒரு துளி பிரைமர் கட்டாயம், இதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், பல கிட்டிலும் அது வருவதில்லை. அப்புறம் நிறம். மூடியோடு வரும் பிரஷ் இந்த வேலைக்கு ரொம்பத் தடிமன், பல் குத்தும் குச்சியோ ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ்ஷோ போதும். பள்ளத்துக்குள் மட்டும் ஒரு துளியை விடுங்கள், அது தானாகப் பரவும். கரைப்பான் ஆவியாகும்போது பெயிண்ட் சுருங்கிக் கீழே இறங்கும், அதனால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை. கடைசியில் கிளியர், சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கிற மாதிரி.

இங்கேயே நிறுத்திவிட்டால் பெரும்பாலானோருக்குப் போதும். பளிச்சென்று வேண்டும் என்பவர்கள் ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்னத் துண்டாக வெட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, அந்த மேட்டை மட்டும் சமன்செய்து காம்பவுண்ட் போடலாம். கை பழகாதவர்கள் செய்த டச்-அப் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

காலம் முக்கியம். மே மாதம் மதியம் திறந்தவெளியில் செய்தால் மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். நவம்பர் மழையில் செய்தால் காற்றின் ஈரத்தில் மேலே வெண்மையாகப் பூத்துவிடும். காலை நேரம், நிழல், காய்ந்த நாள்.

மறைவான செலவு பணத்தில் இல்லை. பாட்டில் 300 முதல் 700 ரூபாய், பிரைமர், கிளியர் எல்லாம் சேர்த்தாலும் 1,500 தாண்டாது. ஆனால் திறந்த பாட்டில் அடுத்த தடவை தேடும்போது கெட்டியாகிப்போயிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பானட்டின் முன் விளிம்பு, ஃபெண்டர், கதவு விளிம்பு இங்கெல்லாம் இருக்கும் மிளகு அளவுப் பொட்டுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இது. நீளமான கோடாக இழுத்த கீறலுக்கு இதைப் போட்டால் அசல் கீறலைவிடத் தடிமனாக ஒரு பெயிண்ட் கோடு வந்து உட்காரும். அங்கே தகடு தெரியும் புள்ளிகளை மட்டும் மூடிவிட்டு மிச்சத்தைப் பட்டறைக்கு விடுங்கள். நெயில் பாலிஷ் போட்டு மூடலாமே என்பவர்களுக்கு: கொஞ்ச நாளைக்கு மூடும், வெயிலில் மஞ்சளாகி உரியும், அப்புறம் அதைச் சுரண்டும் வேலை தனி.

## வழி 4: ஸ்ப்ரே கேன்

வீடியோவில் பார்க்க இது மாதிரி சுகம் வேறு இல்லை. நிஜத்தில் வீட்டு வழிகளிலேயே அதிகம் கெடுவது இதுதான். பொட்டுக்குக் குறிவைத்து அடித்தாலும் மேகம் மாதிரி ஒரு முழம் பரவும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி அடித்தால் ஓரத்தில் படி நிற்கும், ஒட்டாமல் அடித்தால் பக்கத்துப் பேனல் சொரசொரப்பாகும். மெட்டாலிக்காக இருந்தால் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அடிக்க நினைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் காரையும் கணக்கில் சேருங்கள், காற்றில் மிதக்கும் பெயிண்ட் துகள் யார் கார் என்று பார்க்காது. டூ-கே (ஹார்டனர் கலந்து இறுகும்) கிளியர் கேன் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும், அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெட்டது, துணி மாஸ்க் எதற்கும் ஆகாது, ஆவி தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். ஹார்டனர் இல்லாத சாதாரண ஒன்-கே கிளியரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெட்ரோல் சிந்தினால் இளகிவிடும்.

பிரைமர், நிறம், கிளியர், வாட்டர் பேப்பர், டேப் எல்லாம் சேர்த்தால் 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் போட்டால் பட்டறையிலேயே ஒரு பேனல் முடியும் என்ற நிலையில் எதற்கு இந்தப் பாடு?

கழற்றி எடுக்கக்கூடிய சின்னப் பாகத்துக்கு மட்டும் இது நல்ல வழி. சைடு மிரர் மூடியைக் கழற்றி, மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்து வைத்து, முழுசாக அடித்துவிட்டு மாட்டினால் ஓரம் தெரியும் பிரச்சினையே இல்லை. பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் நிறம் அடித்தால் உரிந்துவரும், அதை மறக்க வேண்டாம்.

## வழி 5: வெளிப் பட்டறை

ஊருக்கும் பட்டறைக்கும் ஏற்ப ஒரு பேனலுக்கு 2,500 முதல் 4,500 ரூபாய் வரை கேட்பார்கள். நகம் தட்டும் நீளக் கீறல், சின்ன ஒடுக்கோடு சேர்ந்த கீறல் இரண்டுக்கும் இதுதான் வழி. பெயிண்ட் போகாமல் ஒடுக்கு மட்டும் இருந்தால் பெயிண்ட் அடிக்காமலே பின்பக்கத்திலிருந்து தட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.

விலையைப் பேசும் முன் பேச வேண்டியது பெயிண்டைப் பற்றி. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா, பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டா என்று கேளுங்கள். என்.சி. மலிவு, சீக்கிரம் காயும், ஆனால் வெயிலில் மங்கிவிடும். குறைந்த விலை சொல்லும் பட்டறையில் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அடுத்து, பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) உண்டா, இல்லை ரோட்டோரத்திலேயே அடிப்பார்களா? கைப்பிடியைக் கழற்றிவிட்டு அடிப்பார்களா, டேப் ஒட்டியா? டேப் ஒட்டினால் கொஞ்ச நாளில் அந்த ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) எவ்வளவு போடுவார்கள்? கீறலுக்கு மெல்லிசாகப் போதும், தட்டி எடுக்கச் சோம்பல்பட்டுப் பட்டியால் நிரப்பினால் பின்னாளில் வெடிக்கும். பின் பம்பர் மூலையில் ரேடார் சென்சார் இருக்கும் புது மாடலாக இருந்தால் அங்கே பட்டியே போடக் கூடாது, ரேடார் பார்வை கெடும்.

மறைவான செலவு இரண்டு. மெட்டாலிக் நிறத்தில் ஒரு பேனலை மட்டும் அடித்தால் பக்கத்துப் பேனலோடு ஒட்டாது, அங்கேயும் கொஞ்சம் கலந்து அடிக்கணும், பில் ஏறும். இன்னொன்று விற்கும்போது. பழைய கார் வாங்குபவர்களும் கம்பெனிகளும் இப்போது பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரோடு வருகிறார்கள். மற்ற பேனல் எல்லாம் 110, 120 காட்டும்போது ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அது கீறலுக்கு அடித்ததா, விபத்துக்கு அடித்ததா என்ற பேச்சு கிளம்பும், விலை குறைக்க அவர்களுக்கு அது போதும். தொழிற்சாலையில் பெயிண்டைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள், பட்டறை பூத்தில் 60 டிகிரி மாதிரிதான், கண்ணாடியும் வயரும் மாட்டிய காரை அதற்கு மேல் சூடாக்க முடியாது. அதனால் சின்னப் பொட்டோடு இருக்கும் ஒரிஜினல் பெயிண்ட், புதிதாக அடித்த பளபளப்பைவிட மதிப்பானது என்பது என் அபிப்பிராயம். வேலைக்கு முன் கீறலை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது காட்டலாம்.

## வழி 6: கம்பெனி சர்வீஸ், இன்ஷூரன்ஸில்

"கிளெய்ம் போட்டுடலாம் சார், உங்களுக்கு ஆயிரம் ரூபாய்தான்" என்று சர்வீஸ் அட்வைசர் சொல்வார். அந்த ஆயிரம், 1500 சிசி வரையிலான காருக்கு நீங்கள் கட்டாயம் கட்ட வேண்டிய பங்கு, அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. அவர் சொல்லாமல் விடுவது என்சிபி, அதாவது கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி. ஒரு வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷத்தில் 50. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம்.

கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் (உங்கள் கார் சேதத்துக்கான பகுதி) தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், இப்போது 50 சதவீதத்தில் 4,000 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்முக்குப் பிறகு வரிசையாக 8,000, 6,400, 6,000, 5,200, 4,400 கட்டி, ஆறாவது வருஷம்தான் பழைய 4,000-க்குத் திரும்புவீர்கள். கூடுதலாகப் போனது 4,000, 2,400, 2,000, 1,200, 400, மொத்தம் 10,000 ரூபாய். காருக்கு வயதாக ஆகப் பிரீமியம் குறையும் என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையலாம், வரி சேர்ந்தால் கூடலாம்.

கிடைத்தது என்ன? ஒரு கதவுக்கு 4,000 ரூபாய் பில். சாதாரண பாலிசியில் பெயிண்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், 500 போச்சு. கட்டாயப் பங்கு 1,000. கைக்கு வருவது 2,500. இதற்காக 10,000. ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர், வைத்திருந்தால் அந்த 500 மட்டும்தான் உங்களுக்கு மிச்சமாகும், என்சிபி போவது போவதுதான், அதைக் காப்பாற்றத் தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் எப்போது போடலாம்? ஒரே இடியில் மூன்று நாலு பேனல் போய், விளக்கும் உடைந்து, பில் உங்கள் என்சிபி இழப்பைத் தெளிவாகத் தாண்டும்போது. அல்லது இந்தப் பாலிசி வருஷத்தில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டு என்சிபி போய்விட்டிருந்தால், இன்னொன்று போடுவதில் அந்த வகையில் புது நஷ்டம் இல்லை. எத்தனை கிளெய்ம் வரை ஜீரோ டெப் பொருந்தும் என்று மட்டும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் எல்லாக் கீறலையும் சேர்த்து ஒரே இடியில் ஆனது என்று எழுதிக்கொடுக்கச் சொன்னால் செய்யாதீர்கள். அது பொய்யான கிளெய்ம், சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர் பிடித்தால் எல்லாமே நிராகரிக்கப்படலாம்.

## ஒரு பார்வையில்

| வழி | தோராயச் செலவு | பொருந்துவது | இடிக்கும் இடம் |
|---|---|---|---|
| விட்டுவிடுவது | 0 | பிளாஸ்டிக் பம்பர், கண்ணில் படாத இடம் | இரும்பில் துரு |
| காம்பவுண்ட் | சில நூறு ரூபாய் | நகம் தட்டாத கீறல், ஒட்டிய பெயிண்ட் | கிளியர் கோட் மெலியும் |
| டச்-அப் | 300–1,500 | தகடு தெரியும் சின்னப் பொட்டு | நீளக் கோடு, மெட்டாலிக்கில் நிறம் |
| ஸ்ப்ரே கேன் | 1,500–2,500 | கழற்றக்கூடிய சின்னப் பாகம் | கதவு, பானட், பக்கத்துக் கார் |
| வெளிப் பட்டறை | பேனலுக்கு 2,500–4,500 | ஆழமான நீளக் கீறல், ஒடுக்கு | என்.சி. பெயிண்ட், மறுவிற்பனை |
| இன்ஷூரன்ஸ் | 1,000 அல்லது 2,000 + என்சிபி | பல பேனல் சேதம் | ஒற்றைக் கீறல் |

## அடிக்கடி வரும் சில நிலைமைகள்

புதுக் கார், முதல் கீறல், மனசு கேட்கவில்லை. புரிகிறது, ஆனாலும் ஒரிஜினல் பெயிண்டை அடிக்க விடாதீர்கள். கிளியர் கோட்டோடு நின்றிருந்தால் காம்பவுண்ட், தகடு தெரிந்தால் டச்-அப். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவராக இருந்தால் பானட் முன்பக்கத்துக்கு மட்டும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம், முழுக் காருக்கும் ஒட்டச் சொல்வார்கள், அவசியமில்லை.

யாரோ வேண்டுமென்றே சாவியால் இரண்டு கதவும் ஃபெண்டருமாக இழுத்திருக்கிறார்கள். வீட்டு வழி எதுவும் பலிக்காது. மூன்று பேனலுக்கு வெளிப் பட்டறை விலையைக் கேளுங்கள், உங்கள் என்சிபி கணக்கைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். என்சிபி 20 சதவீதத்திலேயே இருப்பவருக்குக் கிளெய்ம் லாபமாக வரலாம், 50-இல் இருப்பவருக்கு அநேகமாக வராது.

பத்து வருஷக் கார், கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட் செதில் செதிலாக உரிகிறது. அது கீறல் கணக்கில் வராது, வெயில் செய்த வேலை. காம்பவுண்ட் தேய்த்தால் இன்னும் உரியும். அந்தப் பேனலை முழுசாக அடிப்பது, இல்லையென்றால் அப்படியே ஓட்டுவது, நடுவில் வழி இல்லை.

அடுத்த மாதம் விற்கப்போகிறீர்கள். பட்டறையில் 4,000 போட்டு அடித்தால் விலையில் 4,000 ஏறாது, மீட்டர் வைத்துப் பார்த்தால் இறங்கவும் செய்யும். நன்றாகக் கழுவி, தூண் பெயிண்ட் ஒட்டியதை எடுத்து, துருப்பொட்டுகளுக்கு டச்-அப் வைத்துக் காட்டுங்கள். பம்பர் கீறலைப் பார்த்து விலை குறைக்கிறவர் அது இல்லையென்றால் டயரைப் பார்த்துக் குறைப்பார்.